மோதிர விரல் நகம்

அந்த அழகு நிலையத்தில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. செய்கிற வேலைதான் பேர். முடி வெட்டுகிறவள் முடிக்காரி, புருவம் திருத்துகிறவள் புருவக்காரி, நகம் வைக்கிறவள் நகக்காரி. வாடிக்கையாளர்கள் முன்னால் மட்டும் எல்லோரும் 'மேடம்' ஆகிவிடுவார்கள். அவர்கள் படி இறங்கியதும் பழையபடி காரிகள்தான்.

நம்முடைய ஆள் நகக்காரி. அடுத்தவர் விரலைப் பிடித்துக்கொண்டே பிழைக்கிறவள். கவலைப்படுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடுவாள். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நாலு எட்டு வைத்தால், சரியாகத்தான் இழுத்தோமா என்று அடுத்த கவலை வந்து நிற்கும். வேலையில் இந்தச் சந்தேகம் சரிப்படாது என்பதால் அங்கே ஒரு வழி செய்து வைத்திருந்தாள். மேசையில் ஒரு துண்டு விரித்து, தேவையான சீசாக்களை எல்லாம் அதற்கு இடது பக்கம் அடுக்குவாள். ஒன்றை எடுத்துப் பூசியதும் அதை வலது பக்கம் வைப்பாள். இடது பக்கம் காலியானால் வேலை முடிந்தது. மூளையை நம்பாமல் மேசையை நம்பினாள்.

வேலை செய்யும்போது ஒரு காதில் இயர்போன் இருக்கும். அதில் எப்போதும் ஒரே ஆள்தான் கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பார். கையில் மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லை எதுவும் பிடிக்காமல், வெறும் விரல் நகத்தாலேயே தந்தியை மீட்டுகிறவர். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் பதிவாகியிருக்கிறது என்பதுகூட அவளுக்கு அத்துப்படி. கணவன் அவரை 'உன் ஆளு' என்றுதான் சொல்வான். "உன் ஆளு சாப்பிட்டாச்சா? கொஞ்சம் ஓய்வு குடும்மா அவருக்கு" என்பான்.

அந்தப் பாட்டுகளில் ஒன்று அவளுக்கு உயிர். மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் மூன்றும் ஒரே தந்தியை மாறி மாறித் தட்டும் வேகத்தில், தனித்தனிச் சத்தங்கள் ஒட்டிக்கொண்டு ஒரு நீளமான நடுக்கமாகக் கேட்கும். அடியில் கட்டைவிரல் தன் பாட்டுக்கு நிதானமாக நடந்துகொண்டிருக்கும். வீட்டில் அதற்கு 'நடுங்கற பாட்டு' என்று பேர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குக் கை நடுங்கும், வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். நடுக்கத்தையே ஒரு மனிதர் பாட்டாக்கி வைத்திருக்கிறாரே என்பது அப்போது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அவர் முதல் தடவையாக இந்த ஊருக்கு வாசிக்க வருகிறார் என்று தெரிந்த அன்றே கணவனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டாள். கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனது, அவன் போக வேண்டியதாயிற்று. அந்த டிக்கெட் நாத்தனாருக்குப் போனது. இவையெல்லாம் சாதாரணச் சங்கதிகள். சாதாரணமல்லாத சங்கதி, கச்சேரி அன்று மதியம் நடந்தது.

கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்து நின்றார்.

"இங்க நகம் வைப்பீங்களா?" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். மோதிர விரல் நகம் பெட்டியின் ஜிப்பில் மாட்டி அடியோடு ஒடிந்திருந்தது. "சின்ன விரிசல்னா நானே ஒட்டிக்குவேன். இது மொத்தமா போயிடுச்சு. சாயந்தரம் எனக்கு வாசிப்பு இருக்கு."

அவரைப் பார்த்தால் என்ன பேச வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள் நகக்காரி. அத்தனையும் காற்றோடு போயிற்று. "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "தண்ணி?" என்றாள். புருவக்காரி அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்தாள்.

துண்டை விரித்தாள். சீசாக்களை அடுக்கினாள். விரலைப் பிடித்தாள். பழைய நகத்தைச் சுத்தம் செய்து ராவினாள். அடுத்தது பிரைமர். சுவருக்கு வண்ணம் அடிப்பதற்கு முன்னால் ஒரு பூச்சு அடிப்பார்களே, அதே கதைதான். அது இருந்தால்தான் மேலே வைக்கிற நகம் கவ்விப் பிடிக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து அவருடைய இடது கை மேசையின் மேல் மெல்லத் தாளம் போட ஆரம்பித்தது. அவருக்கு அது தெரியக்கூட இல்லை. அவளுக்குத் தெரிந்தது. நடுங்கற பாட்டு! கட்டைவிரல் நடக்கிற நடை. அது இரண்டு கை தூரத்தில், அவளுடைய மேசையிலேயே நடந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் கனவு மாதிரி. நகம் வைத்தாள், ராவினாள், மெருகேற்றினாள், கடைசியில் வழக்கம்போல எண்ணெய் தொட்டு விரல் விரலாக நீவிவிட்டாள். "என் கையை இதுவரைக்கும் யாரும் இப்படிப் பார்த்துக்கிட்டதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கால் தரையில் படவில்லை. மேசையைக்கூட ஒழுங்குபடுத்தாமல், நல்ல உடை மாற்ற வீட்டுக்கு ஓடினாள்.

சாயந்தரம் அரங்கத்தில் நாத்தனாரோடு போய் உட்காரும்வரை அந்த மிதப்பு இருந்தது. நாத்தனார் ஒரு பெரிய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பையில் இல்லாதது யானை ஒன்றுதான் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

"அண்ணி, எவ்வளவு நேரம் வாசிப்பாரு? நடுவுல எழுந்து போகலாமா?"

"போகக் கூடாது."

"பாட்டு வராதா? வெறும் கிட்டார் மட்டுமா?"

"வெறும் கிட்டார்தான். பேசாம இரு, விளக்கு அணையுது பாரு."

விளக்கு அணைந்தது. மேடையில் ஒரே ஒரு நாற்காலி, அதன் மேல் மஞ்சளாக ஒரு வெளிச்சம். அவர் வந்து வணங்கி உட்கார்ந்தார். கை தட்டினார்கள். நகக்காரியும் தட்டினாள். அவர் வலது கையைத் தந்திகளுக்கு மேலே கொண்டுபோனார். அப்போதுதான் அவள் மனசுக்குள் ஒரு குரல் கேட்டது.

பிரைமர் போட்டோமா?

போட்டிருப்போம். போடாமல் எப்படி? கை தானாகவே போட்டிருக்கும். சுத்தம் செய்தது நினைவிருக்கிறது, ராவியது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் தாளம். தாளத்துக்கு அப்புறம் நேரே நகத்தை எடுத்தது. நடுவில் என்ன? நடுவில் ஒன்றுமே இல்லை. எத்தனை தடவை பின்னோக்கிப் போய்ப் பார்த்தாலும் அந்தச் சீசாவைத் திறந்த ஞாபகமே இல்லை. திறக்காத ஞாபகமும் இல்லை.

முதல் பாட்டு ஆரம்பித்தது. நகக்காரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த மோதிர விரலையே பார்த்தாள். மேடை தூரம். விரல்கள் தந்தி மேல் ஓடும்போது ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வெளிச்சத்தில் ஏதோ பளிச்சென்றது. நகம்தான். இருக்கிறது. அப்பாடா. அடுத்த நொடியே மறுபடியும் பயம். அவர் தோளைச் சொறிந்தால் பயம், கையை உதறினால் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு வெளிச்சமும் பேயாக இருந்தது.

"அண்ணி, ஏன் என் கையைக் கிள்ளறீங்க?"

"நானா?"

"ரத்தமே வந்துடும் போல இருக்கு."

இரண்டாவது பாட்டு தொடங்கும் முன்னால் தாங்க முடியாமல், போனைத் தன் கைப்பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு புருவக்காரிக்கு எழுதினாள். 'என் மேசையில் பிரைமர் சீசா எந்தப் பக்கம் இருக்கு? இடதா வலதா? அவசரம்.'

பதில் வந்தது. 'கச்சேரியில் உட்கார்ந்துகிட்டு என்ன கேள்வி இது? கடை பூட்டியாச்சு.'

'திறந்து பாரு. உன் காலில் விழறேன்.'

முன் வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். பைக்குள்ளிருந்து வெளிச்சம் வருகிறதாம். பையை மூடினாள். மூடின பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மேடையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பாட்டு முடிந்தது. மூன்றாவது, நான்காவது எல்லாம் வந்து போயின. ஜனங்கள் கை தட்டினார்கள். விரலில் அவ்வப்போது அந்த மின்னல் தெரிந்தது. இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று மந்திரம்போலச் சொல்லிக்கொண்டாள். நடுங்கற பாட்டை அவர் எப்போதும் கடைசியில்தான் வாசிப்பார். அதில் மோதிர விரல் ஒரு நொடிகூட உட்கார முடியாது. அதுவரை தாங்க வேண்டும். அதைத் தாங்க வேண்டும்.

பை அதிர்ந்தது. முன் வரிசைக்காரர் என்ன நினைத்தாலும் சரியென்று திறந்து பார்த்தாள்.

'இடது பக்கம். மத்தது எல்லாம் வலது பக்கம். ஏன்?'

மேசை பொய் சொல்லாது. அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. மேடையில் இருப்பவர் விரலில் ஒரு நகம் சும்மா ஒப்புக்கு உட்கார்ந்திருக்கிறது. வைத்தது அவள். இத்தனை பேர் நடுவில், பாட்டின் நடுவில், அது பறந்து விழப்போகிறது. வருஷக்கணக்கில் தன் காதோடு இருந்த மனிதருக்கு அவள் செய்த கைம்மாறு இதுதான்.

இடைவேளை விளக்கு எரிந்ததும் எழுந்தாள்.

"டீ குடிக்கவா?" என்றாள் நாத்தனார்.

"இல்லை. பின்னாடி போகணும். அவரைப் பார்க்கணும்." நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

"சொல்லித்தான் ஆகணுமா அண்ணி? விழுந்தா விழட்டுமே. ஜிப்புல மாட்டினது அவரோட தப்புதானே?"

"சொல்லாம இருந்தா அவர் நம்பி வாசிப்பார். நம்பினவர் நடுவழியில நிக்கணுமா?"

மேடைக்குப் பின்னால் போகிற கதவில் ஒரு காவலாளி நின்றிருந்தார். நகக்காரி மூச்சு வாங்க, "நான் அவருக்கு நகம் வச்சவ" என்றாள்.

"என்ன வச்சீங்க?"

"நகம்."

காவலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்த மாதிரி ரசிகைகள் நிறையப் பேரைப் பார்த்த முகம். நாத்தனார் ஒரு அடி முன்னால் வந்தாள். "அவர் விரல்ல பிரச்சினைங்க. இவங்கதான் மதியம் பார்த்தாங்க. அடுத்த பாதியில விரல் வேலை செய்யலைன்னா உங்களைத்தான் கேப்பாங்க. பரவாயில்லையா?" கதவு திறந்தது.

அறையில் அவர் தனியாக இருந்தார். கிட்டாரைக் கவிழ்த்துப் பிடித்து, நடுவில் இருக்கிற வட்ட ஓட்டை தரையைப் பார்க்கும்படி வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். உண்டியலைக் குலுக்கிக் காசு எடுக்கிற குழந்தை மாதிரி இருந்தது.

"சார், உங்க நகம்..." என்று ஆரம்பித்தாள்.

"வாங்க வாங்க. அதைத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன்."

கிட்டாருக்குள் எதுவோ கடகடவென்று உருண்டது. இன்னொரு குலுக்கல். ஓட்டை வழியாக நகம் தரையில் விழுந்தது.

நகக்காரி அதைப் பார்த்தபடி நின்றாள். "எப்போ?"

"ரெண்டாவது பாட்டுல. நேரா உள்ளே போயிடுச்சு."

"ரெண்டாவதா? இல்லையே சார். நான் பார்த்துக்கிட்டே இருந்தேனே. கண்ணை எடுக்கலையே!"

"பார்த்தீங்க. கேக்கலையா?" அவர் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அதுக்கப்புறம் ரெண்டு விரல்லதான் ஓட்டினேன். மேல் தந்தியோட குரலே மாறிப்போச்சு. உள்ள கிடந்து நகம் வேற ஒரே சத்தம்."

அவர் மூச்சு இழுக்கிற இடம்கூட அவளுக்குத் தெரியும். பாட்டின் குரலே மாறியது தெரியவில்லை. அவள் பார்த்த மின்னல் பக்கத்து விரல் நகத்துடையது. இத்தனை நாள் காத்திருந்து வந்த கச்சேரியில் பாதி முடிந்துவிட்டது, அவள் காதில் ஒரு சத்தம்கூட ஏறவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சொன்னாள்: "பிரைமர் போடலை சார். மறந்துட்டேன். நீங்க மேசையில தட்டினீங்க. அந்தப் பாட்டைத் தட்டினீங்க. அதைக் கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்."

அவர் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். அது செய்த காரியம் அவருக்கே இப்போதுதான் தெரிகிறது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "கடைசியா அதைத்தான் வாசிக்கிறதா இருந்தேன். நகம் இல்லாம அது நடக்காது. வேற ஏதாவது வாசிச்சு முடிச்சுக்கறேன். நீங்க மனசைத் தளர விட்டுடாதீங்க." சொன்ன குரலில் தெம்பு இல்லை. நகம் போன விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் பயமாக இருக்கிறது என்பது அவளுக்கு அப்போது புரிந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பசை வச்சிருப்பீங்களே? விரிசல் ஒட்டற பசை?"

கிட்டார்ப் பெட்டியின் மூலையில் பசை இருந்தது. மெல்லிய உப்புக் காகிதமும் இருந்தது. "எண்ணெய்ப் பசையை எடுக்க ஏதாவது வேணும். ஸ்பிரிட் மாதிரி" என்று சொல்வதற்குள், நாத்தனார் பையிலிருந்து கை துடைக்கும் சானிடைசரை எடுத்து நீட்டினாள். யானை ஒன்றுதான் இல்லை.

முகம் துடைக்கிற துண்டை மேசையில் விரித்து, மூன்றையும் இடது பக்கம் வரிசையாக வைத்தாள். விரலைப் பிடித்தாள். மதியம் தானே ஆசையாகத் தடவிவிட்ட எண்ணெயைத் துடைத்தாள். சானிடைசரை வலது பக்கம் வைத்தாள். உப்புக் காகிதத்தால் தேய்த்தாள், வலது பக்கம் வைத்தாள். பசையைத் திறந்தபோது மேசை லேசாக அதிர்ந்தது. இடது கை மறுபடியும் தாளத்தை ஆரம்பித்திருந்தது.

"தட்டாதீங்க!" என்று கத்தினாள்.

அவர் அந்தக் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். நாத்தனார் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பசை தொட்டு, நகத்தை வைத்து, மூச்சைப் பிடித்து அழுத்தினாள். அவள் கை நடுங்கியது, விரல் நடுங்கியது. எது யாருடைய நடுக்கம் என்று சொல்ல முடியவில்லை. வெளியே மணி அடித்தது. பசைக் குழாயை வலது பக்கம் வைத்தாள். இடது பக்கம் காலி.

"தாங்குமா?" என்றார்.

தாங்கும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. "தெரியாது சார். இன்னும் கொஞ்ச நேரம் காய விட்டா நல்லது. அந்தப் பாட்டு முழுக்கத் தாங்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

அவர் விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "சரி. நானும் சத்தியம் பண்ணலை. கடைசியில வாசிக்கறேன். ஆனா நீங்க ஒரு காரியம் செய்யணும். விரலைப் பார்க்கக் கூடாது."

இருக்கைக்குத் திரும்பி உட்கார்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். விளக்கு அணைந்ததா என்றுகூடத் திறந்து பார்க்கவில்லை. முதலில் பயம்தான் கேட்டது. தன் இதயம் அடிப்பது கேட்டது. பக்கத்தில் யாரோ இருமியது கேட்டது. பிறகு, அடைப்பு விட்டதுபோல, கிட்டார் கேட்டது. பதிவில் கேட்டதைவிடக் கரகரப்பாக, பெரிதாக, மரத்தின் சத்தமும் சேர்ந்து கேட்டது. இடது விரல்கள் தந்தி மேல் சறுக்கும் கீச்சொலி கேட்டது. இவ்வளவு நேரம் இதையா விட்டுக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியில் அது வந்தது. அவர் மூச்சு இழுத்தார். அவளும் இழுத்தாள். நடுக்கம் தொடங்கியது. மூன்று விரல், மூன்று விரல், மூன்று விரல். ஒவ்வொரு சுற்றிலும் முதல் தட்டு மோதிர விரலுடையது. அதில் செயற்கை நகத்தின் சன்னமான கண்ணாடித்தனம் இருந்தது. அவள் வைத்த நகத்தின் குரல் அது. அந்த அரங்கத்தில் அவளைத் தவிர யாருக்கும் அது தெரிந்திருக்காது. தாங்கு, தாங்கு என்று வேண்டிக்கொண்டே கேட்டாள். பாட்டு மேலே ஏறியது, திரும்பியது, ஆரம்பித்த இடத்துக்கு இறங்கி வந்தது. இன்னும் ஒரு பகுதிதான் பாக்கி.

ஒரு சுற்றில் முதல் தட்டு மழுங்கியது. அடுத்த சுற்றில் அது இல்லவே இல்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு விரல்கள்தான் ஓடின. நடுக்கத்தில் இப்போது ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அவர் அதை ஒளித்து ஓடவில்லை. கட்டைவிரலின் நடையை மெதுவாக்கி, அந்த இடைவெளிக்கும் இடம் விட்டு, பாட்டைக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். எந்தப் பதிவிலும் அந்தப் பாட்டு இப்படி இருந்ததில்லை. இனிமேலும் இருக்காது. நகக்காரியின் கன்னம் நனைந்திருந்தது. இந்தத் தடவை அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

தோளில் ஒரு கை பட்டது. "அண்ணி," என்று நாத்தனார் காதோடு கிசுகிசுத்தாள், "நகம் விழுந்துடுச்சா என்ன?"

"விழுந்துடுச்சு. பேசாம கேளு."